கேட்டில் கத்தாத தாலி

கல்யாணப் பெண் வேஷம் போட்டு எடுக்கிற படங்கள் எனக்குப் பிடிக்காது. கல்யாணமே இல்லாமல் மாலை, கல்யாணமே இல்லாமல் வெட்கம். பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் போன ஆவணியில் அப்படி ஒரு படப்பிடிப்புக்கு நான்தான் தைத்தேன், நான்தான் யோசனை சொன்னேன், நான்தான் எல்லாரோடும் சண்டை போட்டேன். எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பின்னால் ஒரு ஷட்டர் கடையில் தைக்கிறேன். அதற்கு முன் ஒன்பது வருஷம் கார்களுக்கு ஒயர் கட்டுகிற கம்பெனியில் லைனில் நின்றேன். பலகையில் ஒயர்களை வரிசையாகப் பரப்பி, டேப் சுற்றி, கிளிப் மாட்டி அனுப்ப வேண்டும். மணிக்கட்டு போனது. வேலையை விட்டேன். இப்போது பாதி நாள் ரவிக்கை, பாதி நாள் காண்டிராக்டர் கொண்டுவந்து கொட்டும், கம்பெனி ஆட்கள் போடும் பச்சை சேஃப்டி ஜாக்கெட்டுகளில் மின்னும் பட்டை தைப்பது. ஜாக்கெட் தைத்துத் தைத்துக் கண் எரியும். கல்யாண ரவிக்கை மட்டும் தைத்துப் பிழைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்த ஆசை மேக்கப் போடுகிற என் சிநேகிதிக்குத் தெரியும். ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். எனக்கு முன்பே லைனை விட்டு ஓடி, மறைமலை நகரில் பார்லர் வைத்துவிட்டாள். ஒருநாள் கடைக்கு வந்து, ஜாக்கெட் குவியலின் மேலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

“க்கா, கொலாப் பண்லாமா?”

“அப்டின்னா இன்னாடி?”

“யாரும் யாருக்கும் துட்டு தரத் தேவயில்ல. நீ துணி, நான் மேக்கப், நம்ம கேமரா தம்பி படம். படம் மூணு பேருக்கும் சொந்தம். ஆர்டர் வந்தா அவங்கவங்க பாடு.”

“மூணு பேரும் ஓசில மாரடிக்கணும். அதுக்குப் பேரு கொலாப்பா?”

“உன் வாய்க்கு ஒரு கஸ்டமரும் வர மாட்டான். படம் பாத்துனா வரட்டும்.”

கேமரா தம்பி பிள்ளைப்பாக்கத்துக்காரன். ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் வேலை. வாராந்திர லீவில் கல்யாணத்துக்குப் படம் எடுப்பான். அவனுக்கு மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பேச வழியில்லை. எல்லாம் போனில் குரல் பதிவுதான். காலையில் நான் திட்டி அனுப்பினால் மத்தியானம் அவள் திட்டுவாள், சாயங்காலம் அவன் எழுந்து இரண்டையும் கேட்டுவிட்டு, “ரெண்டு பேரும் சொல்றது கரெக்ட்தான்” என்று அனுப்புவான். அதைக் கேட்டு இரண்டு பேரும் அவனைத் திட்டுவோம்.

இரண்டு வாரம் இப்படியே போனது. அவளுக்குச் சிவப்புப் பட்டும் வாடகைக் கோயில் நகையும் வேண்டும். அந்தப் படத்தைத்தான் ஊரே எடுக்கிறது. எனக்கு அது வேண்டாம். ஆனால் எது வேண்டும் என்றும் தெரியவில்லை. அளவு நோட்டின் பின்பக்கத்தில் கிறுக்குவேன், கிழிப்பேன். தையலில் கை ஓடவில்லை.

அந்த நேரத்தில்தான் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். தென்காசிப் பக்கம். இங்கே ஒரு கம்பெனியில் மூன்று வருஷமாக வேலை, ஹாஸ்டலில் தங்கல். தையில் கல்யாணம், ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்திருந்தாள். கழுத்தளவு எடுக்கும்போது கேட்டாள்.

“யக்கா, தாலி மேல துணி சுத்தித் தைக்க முடியுமா? கேட்டு மெஷினுக்குத் தெரியாத மாதிரி?”

“துணி சுத்துனா தெரியாதா? மெஷின் இன்னா உன் மாமியாரா, ஏமாத்துறதுக்கு?”

அவள் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னாள். அவள் வேலை செய்யும் கூடத்துக்குள் உலோகம் என்று ஒரு பொட்டு போகக்கூடாது. கம்மல், மெட்டி, வளையல், தாலி எல்லாம் வெளியே லாக்கரில். கேட்டில் மெஷின் நிற்கிறது. இருந்தால் கத்தும். வருங்கால மாமியார் நிச்சயதார்த்தத்தன்றே சொல்லிவிட்டார், கட்டிய தாலி கழுத்தை விட்டு இறங்கக்கூடாது. இறக்கித்தான் வேலைக்குப் போக வேண்டும் என்றால் வேலையே வேண்டாம்.

“மாப்ள இன்னா சொல்றான்?”

“அம்மா சொன்னா சரிங்காங்க.”

“நீ?”

“இப்பந்தான் மைக்ராஸ்கோப்புல உக்கார வச்சிருக்காங்கக்கா. மூணு வருசம் நின்னுட்டு இப்பந்தான். எனக்கு அந்த வேல பிடிச்சிருக்கு.”

டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். நானும் கல்யாணமாகி ஏழாம் நாள் கேட்டில் கழற்றியவள்தான். செக்யூரிட்டி அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினாள், போட்டேன், உள்ளே போனேன். அப்போது கோபம் வரவில்லை. இந்தப் பெண் கேட்டபோதுதான் வந்தது, இத்தனை வருஷம் கழித்து.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தாலித் தங்கம் உடைந்துபோனாலோ அடகில் இருந்தாலோ, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொள்வார்கள். அதுவும் தாலிதான். அதைத் தாலி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதைத்தான் பிடித்துக்கொண்டேன். உலோகமே இல்லாத மணப்பெண். உச்சியிலிருந்து கால்வரை நூலும் துணியும் மஞ்சளும் பூவும். எந்தக் கேட்டிலும் கத்தாது. படம் நன்றாக வந்தால் இவள் அதை மாமியாருக்கு அனுப்பலாம், பாருங்கள் அத்தை, இதுவும் லட்சணமாகத்தான் இருக்கிறது என்று. அந்தப் பெண்ணையே நிற்கச் சொன்னேன். உடனே ஒத்துக்கொண்டாள். அவளுக்கு அது ஃபேஷன் இல்லை, வேலையைக் காப்பாற்றுகிற வழி.

மேக்கப்காரிக்குச் சொன்னதும் அரைமணி நேரத்தில் பதில் வந்தது.

“மஞ்சக் கெழங்கா? அடகு வெச்ச வூட்டுப் பொண்ணு மாதிரி கீதுக்கா. நூல்ல வளையலா? ஸ்கூல் ஆண்டு விழாவா நடத்துறோம்?”

“நீ மூஞ்சிக்கு மாவு பூசு. கழுத்து என்து.”

“தம்பி, நீயே சொல்லு.”

தம்பி எழுந்ததும் சொன்னான். “ரெண்டு பேரும் சொல்றது...”

“வைடா போன!”

ஆனால் அவள் சொன்னதில் உண்மை இருந்தது. முதலில் செய்தவை எல்லாம் ஆண்டு விழாவுக்குத்தான் லாயக்கு. நெற்றிச்சுட்டி துடைப்பத் துண்டு போல இருந்தது. ஜிமிக்கி பொம்மைத் தொப்பி. பிரித்தேன், மறுபடி செய்தேன். நூல் மின்னாது என்பதுதான் சிக்கல். தங்கம் செய்வதை நூலைச் செய்யச் சொன்னால் அசிங்கமாகத்தான் இருக்கும். பிறகுதான் முடிச்சுகளைப் பெரிதாகப் போட ஆரம்பித்தேன். தடிமனான முடிச்சு, அடுக்கடுக்காக. தம்பிக்கு ஒரு துண்டை அனுப்பினேன். அவன் ஒழுங்காக ஒரு பேச்சு பேசியது அன்றுதான்.

“அக்கா, இதுக்கு ஃப்ளாஷ் வேணாம். காலைல சைடு வெயில்ல எடுத்தா முடிச்சுக்கு முடிச்சு நெழல் வுழும். நெழல்தான் இதுக்கு மினுமினுப்பு.”

மேக்கப்காரியும் பிறகு வழிக்கு வந்தாள். முகத்தில் பளபளப்பே வேண்டாம், மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி விட்டுவிடலாம், கண்மை மட்டும் அழுத்தமாக என்றாள். ஜரிகை இல்லாத மஞ்சள் பட்டுப் புடவையைத் தேடி எடுத்தவளும் அவள்தான். ரவிக்கைக்கு அந்தப் பெண் வேலைக் கூடத்தில் போடும் கோட்டின் வெளிர் நீலத்தை எடுத்தேன். ஊக்கு வைக்காமல் நாடா வைத்துத் தைத்தேன். பின் குத்தாமல் புடவை கட்டிவிட மேக்கப்காரி நான்கு நாள் பழகினாள். மூன்று பேரும் கொஞ்சம் பெருமையில் இருந்தோம்.

தாலிக் கயிறு மட்டும் அடங்கவில்லை. கடைப் பொம்மையின் கழுத்தில் போட்டால் துவண்டு விழுந்தது, ஈரத்துணி மாதிரி. நான் நினைத்தது மார்பில் வட்டமாக நிற்க வேண்டும், நடுவில் கிழங்கு. கடைசியில் ஒருவழியாக நிற்க வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைப்பாக்கத்தில் மனை போட்டிருந்த ஒரு இடத்துக்குப் போனோம். தார் ரோடு, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், ஒரு டிரான்ஸ்ஃபார்மர், வேறு ஒன்றும் இல்லை. தம்பிக்கு அந்த இடம் தெரியும், அவன் அப்பா நெல் போட்ட நிலம் பக்கத்தில்தான். அவன் கல்லில் ஏறி வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தான்.

வந்த காருக்குள் வைத்து அந்தப் பெண்ணைத் தயார் செய்தோம். எல்லாம் போட்டபின் கடைசியாகத் தாலிக் கயிற்றை அவள் கையில் கொடுத்தேன். அவள் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு விரலால் வளைத்தாள். விட்டாள். வளைத்தது வளைத்தபடியே நின்றது.

“யக்கா, நூலு இப்படி நிக்காதுலா?”

“உள்ள கெட்டியா சுத்திகீறேன்.”

“எதச் சுத்துனிய?”

சொல்ல வாயைத் திறந்தபோதுதான் எனக்கே உறைத்தது. ஒயர். காண்டிராக்டர் கடை மூலையில் போட்டுவைத்திருந்த கம்பெனிக் கழிவு மூட்டையிலிருந்து ஒயரை உரித்து, செப்புக் கம்பியை எடுத்து, அதன்மேல் பட்டு நூலைச் சுற்றியிருந்தேன். ஒன்பது வருஷம் டேப்பில் செய்த அதே சுற்று, ஒரு சுற்றின்மேல் அடுத்தது பாதி ஏறி. கயிறு நிற்கவில்லை என்றதும் கை தானாகப் போய் ஒயரை எடுத்திருக்கிறது. ஊக்கு வேண்டாம், பின் வேண்டாம், ஜரிகை வேண்டாம் என்று எல்லாரையும் விரட்டியவள் நான். ஒயரை நான் உலோகமாக நினைத்ததே இல்லை. அது எனக்கு வேலை, அவ்வளவுதான்.

“செம்பு” என்றேன்.

“அப்பம் கத்தும்” என்றாள் அவள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

மேக்கப்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள். “இப்ப இன்னா ஆயிடுச்சு? படத்துக்குத்தான? இத்த போட்டுகினு எடுத்துடலாம். வேலைக்குப் போறப்ப கம்பி இல்லாம வேற செஞ்சு குடு. படத்துல எவன் உள்ள பாக்கப் போறான்?”

“இதக் காட்டித்தான் நான் அத்தைட்ட கேக்கப் போறேன்” என்றாள் அந்தப் பெண். “இத காட்டிட்டு, பெறவு தொவண்டத கட்டுனா? பொய்யிலா அது.”

“தென்காசிலருந்து வந்தா பாக்கப் போறாங்க? அவங்களுக்குத் தெரியவா போவுது?”

“எனக்குத் தெரியும்லாக்கா.”

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் நான் முடிக்கவில்லை. காரின் கதவை அறைந்து சாத்தினேன். மேக்கப்காரியைத் திட்டினேன், தம்பியைத் திட்டினேன், அவன் பாவம் கல்மேல் நின்றிருந்தான். வெயில் ஏறுகிறது என்று மட்டும் சொன்னான். அதற்கும் திட்டினேன். பிறகு ஒரு மனைக்கல்லில் உட்கார்ந்து, கத்தரிக்கோலால் ஒரு முனையை வெட்டி, கம்பியை உருவினேன். நூல் கூடு மாதிரி கையில் சுருங்கியது. அப்படியே எறிந்துவிடத் தோன்றியது. அந்தப் பெண் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தாள். பட்டுப் புடவையைப் பற்றிக் கவலைப்படவில்லை.

“பின்னிப் பாப்பமா?”

என் பையில் மீதி நூல் இருந்தது. ஒரு முனையை அவள் காலின் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒன்பது இழைகளைப் போட்டுப் பின்னினோம். அவள் விரல் என் விரலைவிட வேகம். மைக்ராஸ்கோப்பில் உட்கார வைக்காமல் என்ன செய்வார்கள். பின்னல் கனமாக வந்தது. நடுவில் கிழங்கைக் கட்டினேன். கழுத்தில் போட்டால் அப்போதும் வட்டமாக நிற்கவில்லை, நேராகக் கீழே தொங்கியது.

“நிக்க மாட்டேங்குது” என்றேன்.

தம்பி கல்லிலிருந்து இறங்கினான். “நிக்க வேணாம்க்கா. தொங்கட்டும். அவங்க குனியட்டும், அது ஆடட்டும்.”

“எதுக்குக் குனியறா? கால்ல வுழுறதுக்கா? அந்தப் படம் எனக்கு வேணாம்.”

அந்தப் பெண்ணே சொன்னாள். “ஷூ போடுறதுக்கு.”

கம்பெனி ஷூ அவள் பையில் இருந்தது. மறுநாள் ஷிஃப்டுக்குக் கழுவி வைத்தது. அதை எடுத்து ரோட்டில் வைத்தாள். மஞ்சள் பட்டுப் புடவையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு காலைக் கல்லில் வைத்துக் குனிந்து ஷூவின் பட்டையை இழுத்தாள். கழுத்திலிருந்து பின்னல் நேராகக் கீழே தொங்கியது, கிழங்கின் கனத்தில் லேசாக ஆடியது. முடிச்சுக்கு முடிச்சு நிழல். தம்பி தரையில் படுத்துவிட்டான். மேக்கப்காரி ஓடிவந்து ஒரே ஒரு மயிர்க்கற்றையைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, படத்தில் விழாமல் பின்வாங்கினாள்.

முடிந்ததும் மேக்கப்காரி சிவப்பு டப்பாவைத் திறந்தாள். வாடகைக் கோயில் நகை. எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறாள்.

“எனக்கும் நாலு படம் வேணும்க்கா. என் கஸ்டமர் இதத்தான் கேப்பா.”

சண்டைக்கு எழுந்தேன். அந்தப் பெண், “எடுத்துக்கிடட்டும்க்கா, அவியளும் மெனக்கெட்டிருக்காவல்லா” என்றாள். எடுத்தார்கள். சொல்லிவிடுகிறேன், அந்த நாலு படத்துக்குத்தான் ஆர்டர் வந்தது. எல்லாம் அவளுக்கு. என் படத்தைப் பார்த்தவர்கள் “வித்தியாசமாக இருக்கிறது” என்று எழுதினார்கள். வித்தியாசம் என்று சொன்னவர்கள் யாரும் ரவிக்கை தைக்க வரவில்லை.

அந்தப் பெண் ஷூ போடும் படத்தைத் தென்காசிக்கு அனுப்பினாள். மூன்று நாள் பதில் இல்லை. நான் ஜாக்கெட்டில் பட்டையைத் தலைகீழாக வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடியும் தலைகீழாகத் தைத்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவை அவளுக்கு போன். “இல்லக்கா”, “இல்லக்கா.” நான்காம் நாள் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

“நீதானா அந்த டெய்லரு?”

“ஆமா. யாரு?”

“அவ மாமியா. எம் மருமவ கழுத்துல மஞ்சக் கெழங்கக் கட்டிப் படம் புடிச்சவ நீதான?”

“ஆமா, நான்தான்.”

“நாலு வருசம் எங் கழுத்துல கெடந்துச்சு அது. தங்கம் அடகுல. கல்யாண வீட்டுக்குப் போனா எவளும் பந்தியில எம் பக்கத்துல உக்கார மாட்டா. அத எம் மருமவளுக்கு அலங்காரம்னு சொல்லுத. உனக்கு என்ன தெரியும்?”

எனக்கு ஒன்றும் தெரியாது. யோசித்த நான்கு பேரில் ஒருவருக்கும் தெரியாது. அடகு வைத்த வீட்டுப் பெண் மாதிரி என்று மேக்கப்காரி முதல் நாளே சொன்னதுதான், நான் கேட்கவில்லை. வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன்.

“தெரியாதும்மா” என்றேன். “கெழங்கு வேணாம், சரி. தங்கமும் கேட்ல போவாது. அந்தப் பொண்ணு வேலைய வுட்டுடணுமா? அத்த மட்டும் சொல்லுங்க.”

“வேலய விடணும்னு எனக்கு என்ன ஆசையா? கழட்டப்பிடாதுன்னுதான் சொன்னேன்.”

“கழட்டாம போவ முடியாது.”

“கழட்டுனாத்தானே குத்தம். மாத்திக் கட்டுனா?”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். புதுத் தாலியைச் சில நாள் கழித்துப் பிரித்து வேறு கயிற்றில் கோர்க்கிற முறை உண்டு. சுமங்கலி ஒருத்தி செய்ய வேண்டும். அன்று கழுத்து ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்காது, ஒன்றைக் கட்டியபின்தான் மற்றது இறங்கும். கல்யாணத்துக்கு எட்டு நாள் லீவு. ஐந்தாம் நாள் அவரே கேட்டில் கத்தாத ஒன்றை மாற்றிக் கட்டிவிடுவார். தங்கம் பூஜை அலமாரியில் இருக்கும்.

“ஆனா கெழங்கு கெடையாது. எங்க தாலி எப்படி இருக்குமோ அப்படியே இருக்கணும். உனக்குத் தைக்கத் தெரியுமா, வாய் மட்டுந்தானா?”

“வடிவத்த அனுப்புங்க. நூல்லயே தெச்சுத் தரேன்.”

“நான் பாப்பேன். நல்லா இல்லன்னா கட்ட மாட்டேன். அவ வேலையும் இல்ல.”

“சரி.”

“வெட்டுத் துணியில தச்சு அனுப்பிராத. கோடித் துணியில தை.”

போனை வைத்துவிட்டார். சற்று நேரத்தில் அவர் கழுத்துத் தாலியைப் படமெடுத்து அனுப்பினார். மங்கலாக இருந்தது. இரண்டாவது அனுப்பினார், அது தெளிவு. என் விரல்நகம் அளவு வடிவம், அதற்குள் மூன்று கோடு, மேலே ஒரு வளையம். நூலில் இவ்வளவு சின்னதாக நான் எதையும் தைத்ததில்லை.

ஷட்டரை இழுத்துவிட்டு ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏறினேன். துணிக்கடையில் மஞ்சள் பட்டில் ஒரு விரற்கடை போதும் எனக்கு. கால் மீட்டர் கேட்டேன்.

“கால் மீட்டர்லாம் வெட்ட மாட்டோம்க்கா. மினிமம் ஒரு மீட்டர். இன்னா தெக்கப் போற?”

“உனக்கு எதுக்குடா அது?” என்றேன். “ஒரு மீட்டராவே வெட்டு. கோணலா வெட்டுன, வாங்க மாட்டேன்.”